பின்கட்டிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

அட்லாண்டா முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை: அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் வழியே ஒரு கார்ப் பயணம்

மிசிசிப்பி ஆற்றின் மேட்டுக்கரையில் நாட்செஸ் என்றொரு சிற்றூர். அங்கே மெல்ரோஸ் என்ற மாளிகையின் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் கண்ணை இழுப்பது பீங்கான் தட்டும் வெள்ளிக் கரண்டியும் அல்ல. மேசைக்கு நேர் மேலே உத்தரத்திலிருந்து தொங்கும் அகலமான மகாகனிப் பலகைதான். அதை ஆட்டுவது ஒரு கயிறு. உடன் வரும் அமெரிக்கர்கள் இது என்னவாக இருக்கும் என்று யோசிப்பார்கள். நமக்கு யோசனையே வேண்டாம். கலெக்டர் பங்களாவிலும் கோர்ட்டிலும் துரைக்குக் காற்று வர இழுத்தார்களே, அதே பங்கா. அங்கேயும் அதற்குப் பங்கா என்றுதான் பெயர்.

விருந்து நடக்கும்போது கயிற்றின் மறுமுனையில் ஓர் அடிமைச் சிறுவன் நிற்பான். வேகமாக இழுத்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். மெதுவாக இழுத்தால் பண்டத்தில் ஈ உட்காரும். பருத்தி விலை, தேர்தல், எந்தப் பண்ணை ஏலத்துக்கு வருகிறது, யாரை விற்கப் போகிறார்கள் என்று மேசையைச் சுற்றி ஓடிய பேச்சு எல்லாம் அவன் காதில் விழாமலா இருந்திருக்கும்?

தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: மேசைப் பக்கம் உட்கார்ந்து பார்க்கப் போகிறோமா, கயிற்றுப் பக்கம் நின்று பார்க்கப் போகிறோமா? வெகுகாலம் அங்கே மேசைப் பக்கத்துக் கதை மட்டும்தான் சொன்னார்கள். கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில்தான் கயிற்றுப் பக்கத்துக் கதையும் வாசலுக்கு வந்திருக்கிறது. அது தொடர்ந்து வாசலில் நிற்குமா என்ற சண்டையும் இப்போது நடக்கிறது. ஆகவே, போவதென்றால் இப்போதே போய்விடுவது நல்லது.

நம்மவர்களுக்கு இது தொலைதூரத்து ஊரும் இல்லை. அட்லாண்டா, சார்லட், டாலஸ் என்று தென்மாநில நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகரா, நியூயார்க், டிஸ்னி என்று விமானத்தில் கூட்டிப்போகிறார்கள். அட்லாண்டாவிலிருந்து காரில் கிளம்பி இரண்டரை மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய மான்ட்கமரிக்குக் கூட்டிப்போகிறவர்கள் குறைவு.

பயணத்தை அட்லாண்டாவில், ஆபர்ன் அவென்யூ 501ஆம் எண் வீட்டில் தொடங்கலாம். மார்ட்டின் லூதர் கிங் 1929 ஜனவரி 15 அன்று பிறந்த மாடி வீடு. பழுதுபார்ப்புக்காக 2023 இறுதியில் மூடினார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். மூடியிருந்தாலும் தெருவில் நடப்பதே போதும். பிறந்த வீடு, பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயம், நீர்த்தடாகத்தின் நடுவே மனைவி கொரெட்டாவுடன் அவர் துயிலும் கல்லறை, மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அதே வளாகத்தில் கைத்தடியுடன் காந்தி சிலை ஒன்றும் நிற்கிறது.

காந்தி அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. 1959இல் கிங் தம்பதி இந்தியாவுக்கு வந்து கன்னியாகுமரி வரை போனார்கள். அந்தப் பயணத்தில் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் முன் கிங்கை நிறுத்தி, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது என்றும், யோசித்தபோது அவர் சொன்னது சரிதான் என்று பட்டது என்றும் கிங்கே பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். இந்தப் பயணம் முழுக்க நமக்குள் ஏதோ ஒன்று இடறிக்கொண்டே வரும் என்பதற்கு இதுவே முன்னறிவிப்பு.

அடுத்து மான்ட்கமரி. அலபாமா மாநிலத்தின் தலைநகரான இந்த ஊரில் ஒரு நாளாவது தங்க வேண்டும். அரைநாளில் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்குப் பரிதாபம்தான். சட்டமன்றக் கட்டடத்தின் படிகளில் நின்று பாருங்கள். 1861 பிப்ரவரியில், அடிமை முறையை விட மாட்டோம் என்று பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கு அதிபராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றது இங்கேதான். அங்கிருந்து கல்லெறி தூரத்தில் ஒரு செங்கல் தேவாலயம்; அதில்தான் 1954 முதல் 1960 வரை கிங் போதகராக இருந்தார். சட்டமன்றத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் வெள்ளை மர வீட்டில்தான் டேவிஸ் குடும்பம் 1861 வசந்த காலத்தில் குடியிருந்தது. கூட்டமைப்பின் முதல் வெள்ளை மாளிகை என்று பெயர். அனுமதி இலவசம். உள்ளே தொட்டில், கட்டில், டேவிஸின் சாமான்கள் எல்லாம் பக்தியோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு வேலைகளைச் செய்தது யார் என்று தேடிப் பாருங்கள். தேடத்தான் வேண்டியிருக்கும்.

அதைப் பார்த்த கையோடு சவுத் ஜாக்சன் தெருவுக்குப் போங்கள். கிங் குடும்பம் வாடகையில்லாமல் குடியிருந்த போதகர் இல்லம் அங்கே இருக்கிறது. சாதாரண நடுத்தர வர்க்க வீடு, முன்புறம் திறந்த தாழ்வாரம். 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதும், கறுப்பர்கள் நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். 381 நாள் நடந்தார்கள். வாடகை வண்டியும் நண்பர்களின் காரும் கிடைத்தால் ஏறிக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவரான கிங்குக்கு அப்போது வயது 26, 27தான். 1956 ஜனவரி கடைசியில் ஒரு நள்ளிரவு, தொலைபேசியில் கொலை மிரட்டல் வருகிறது. தூக்கம் போய்விட்டது. சமையலறைக்கு வந்து காப்பி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். இதை விட்டு விலகிவிடலாமா என்று நினைத்தார். பிறகு வாய்விட்டுப் பிரார்த்தனை செய்தார். தன் வாழ்க்கையின் திருப்பம் அந்த மேசையில்தான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சில நாளில், ஜனவரி 30 இரவு, தாழ்வாரத்தில் குண்டு வெடித்தது. உள்ளே கொரெட்டாவும் கைக்குழந்தை யோலாண்டாவும் இருந்தார்கள். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்திலிருந்து ஓடிவந்த கிங், ஆயுதங்களோடு திரண்டிருந்த ஜனங்களை அதே தாழ்வாரத்தில் நின்று சமாதானம் செய்து அனுப்பினார். குண்டு விழுந்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. சிமென்ட் பூசி மறைக்கவில்லை. வீட்டுக்குள் போக அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் கால் வைக்க வேண்டும். எத்தனையோ மாளிகைகளின் சரவிளக்குகள் மறந்துபோகும். இந்தப் பள்ளம் மறக்காது.

மான்ட்கமரிக்கு இப்போது உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவது வேறொரு காரணத்துக்காக. பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞர் தொடங்கிய சம நீதி முனைப்பு என்ற அமைப்பு 2018 ஏப்ரலில் ஓர் அருங்காட்சியகத்தையும் ஒரு நினைவிடத்தையும் திறந்தது. லெகசி அருங்காட்சியகத்தில் அடிமைக் கப்பலில் தொடங்கி இன்றைய சிறைச்சாலை வரை கதையை ஒரே கோட்டில் கொண்டுவருகிறார்கள். கும்பல் கொலைகள் நடந்த இடங்களிலிருந்து அள்ளிய மண், ஒவ்வொரு கண்ணாடிச் சாடியாகச் சுவர் முழுக்க அடுக்கி இருக்கிறது. கருப்பு, செம்மண், சாம்பல், வெளிர் மஞ்சள் என்று ஒவ்வொரு சாடிக்கும் ஒரு நிறம். மேலே பெயர், ஊர், தேதி.

நினைவிடம் ஊருக்குள்ளேயே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. துருப்பிடித்த நிறத்தில் ஆளுயர எஃகுத் தூண்கள், 800க்கும் மேல். ஒவ்வொரு தூணும் ஒரு கவுன்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. அந்தக் கவுன்டியில் கும்பல் அடித்தோ தூக்கிலிட்டோ எரித்தோ கொன்ற கறுப்பர்களின் பெயர்கள் அதில் பொறித்திருக்கும். 1877க்கும் 1950க்கும் இடையில் அப்படிக் கொல்லப்பட்டவர்கள் என்று அந்த அமைப்பு பதிவு செய்திருப்பது 4,400 பேருக்கும் மேல். முதலில் தூண்கள் நம் முகத்துக்கு நேராக நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது. தூண்கள் அப்படியே அந்தரத்தில் தொங்குகின்றன. ஒரு கட்டத்தில் அண்ணாந்துதான் பெயர்களைப் படிக்க முடிகிறது. ஏன் கொன்றார்கள் என்பதும் சுவரோரப் பலகைகளில் உண்டு. 1940இல் அலபாமாவின் லூவெர்னில் ஜெஸ்ஸி தார்ன்டன் என்பவர் கொல்லப்பட்டதற்குக் காரணம், வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போடாமல் சொன்னது. மரியாதை குறைத்துப் பேசினான் என்று ஆளை அடிக்கிற கதை கேட்டு வளர்ந்த நாம் அந்தப் பலகையின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

வெளியே புல்வெளியில் இதே தூண்களின் நகல்கள் படுக்கை வசத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தந்தக் கவுன்டிக்காரர்கள் வந்து தங்கள் தூணை எடுத்துப்போய்த் தங்கள் ஊரில் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த ஊர் எடுத்துப்போகிறது, எந்த ஊர் எடுக்காமல் இருக்கிறது என்பதும் கண்காட்சிதான். 2024இல் ஆற்றங்கரையில் மூன்றாவதாக ஒரு சிற்பப் பூங்காவையும் திறந்தார்கள். விடுதலை பெற்றவர்கள் குடும்பப் பெயரோடு முதன்முதலாகப் பதிவான 1870 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து 1,22,000 குடும்பப் பெயர்களை எடுத்து அங்கே ஒரு பெருஞ்சுவரில் பொறித்திருக்கிறார்கள். சுவரில் தங்கள் பெயரைத் தேடி விரலை ஓட்டும் குடும்பங்களைப் பார்க்கலாம்.

மான்ட்கமரியிலிருந்து செல்மாவுக்கு 54 மைல். 1965இல் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் வந்த அதே 80ஆம் எண் சாலை. நாம் எதிர்த்திசையில் போகிறோம். மார்ச் 7 அன்று போலீஸ் தடியடி நடத்திய எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் கட்டாயம் நடந்து பாருங்கள். பாலத்தின் பெயர் ஒரு கூட்டமைப்புப் படைத் தளபதியுடையது. இன்னும் அதே பெயர்தான். ஊர் களையிழந்து கிடக்கிறது. கடைத்தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும். கிங் தங்கி ஊர்வலத்துக்குத் திட்டமிட்ட ஜாக்சன் தம்பதி வீட்டைத் தேடாதீர்கள். அந்த வீட்டைப் பிரித்துக் கட்டி, மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நல்ல பராமரிப்பு வேண்டும் என்று குடும்பமே எடுத்த முடிவு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் தெருவை விட்டுப் பெயர்ந்த வீடு பாதி வீடுதான் என்பது என் கட்சி. எதிர்வீடும் மூலைக்கடையும் கோயில் மணியும் சேர்ந்ததுதானே ஒரு வீட்டின் கதை.

அதை நம்ப முடியாதவர்கள் மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனுக்குப் போனால் நம்பிவிடுவார்கள். செல்மாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே மார்கரெட் வாக்கர் அலெக்சாண்டர் டிரைவ் என்ற அமைதியான தெருவில் 2332ஆம் எண். பச்சைப் புல்தரை, தாழ்வான கூரை, மூன்று படுக்கையறை, ஓரமாகக் கார் நிறுத்தும் போர்டிகோ. அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்துவிட்டு மறுபடி இதைப் பார்த்தால்தான் ஒன்று உறைக்கும். இந்த வீட்டுக்கு முன்வாசல் கிடையாது.

இங்கே குடியிருந்த மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் பணியாற்றித் திரும்பிய ராணுவ வீரர். கறுப்பர் உரிமைச் சங்கத்தின் மிசிசிப்பி களச் செயலாளர். வீடு கட்டும்போதே கணவனும் மனைவியும் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. தெருமுனை மனை வேண்டாம், நடுவில் இருக்கட்டும். முன்கதவு வேண்டாம், போர்டிகோவில் காரை நிறுத்தி அதன் மறைவில் பக்கக் கதவு வழியாக உள்ளே போய்விடலாம். பிள்ளைகளின் அறையில் மெத்தைகளைத் தரையோடு தரையாகப் போட்டிருந்தார்கள், சன்னல் வழியாகச் சுட்டால் குண்டு மேலே போகட்டும் என்று. சத்தம் கேட்டால் தரையில் படுத்து ஊர்ந்து குளியல் தொட்டிக்குள் போய்விட வேண்டும் என்று குழந்தைகளுக்குப் பழக்கியும் இருந்தார்கள்.

1963 ஜூன் 11 இரவு, அதிபர் கென்னடி குடிமை உரிமைகள் பற்றித் தொலைக்காட்சியில் பேசினார். அப்பா வந்ததும் அதைப் பற்றிப் பேசலாம் என்று பிள்ளைகள் விழித்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டிக் கார் வந்து நிற்கிறது. எவர்ஸ் கையில் ஒரு கட்டு டி-ஷர்ட்டுகளோடு இறங்குகிறார். எதிரே புதரில் ஒளிந்திருந்தவன் சுட்ட குண்டு அவர் முதுகில் பாய்ந்து, வெளியேறி, சன்னல் கண்ணாடியைத் துளைத்து, உள்சுவரைத் துளைத்து, சமையலறையில் ஃபிரிட்ஜில் பட்டுத் தெறித்தது. அவருக்கு வயது 37. சுவரில் அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. போர்டிகோவில் தொடங்கிச் சமையலறை வரை குண்டு வந்த வழியிலேயே நம்மையும் நடத்திக் காட்டுகிறார்கள். சின்ன வீடு, அதிக நேரம் ஆகாது. சுட்டவனைத் தண்டிக்கத்தான் அதிக நேரம் ஆனது. 1964இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் இரண்டு முறையும் முடிவுக்கு வரவில்லை. 1994இல்தான் பைரன் டி லா பெக்வித்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் துப்பாக்கி, அதே ஊரில் 2017இல் திறந்த மிசிசிப்பி குடிமை உரிமை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

அதே ஜாக்சனில், வெள்ளையர் பகுதியான பைன்ஹர்ஸ்ட் தெருவில், எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் வீடு. 1925 முதல் 2001இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நாற்காலி, சோபா, படிக்கட்டு ஓரம் என்று எங்கு பார்த்தாலும் புத்தகம். மாடியில் படுக்கையறை சன்னலோரம் தட்டச்சு மேசை. எழுதியதைப் பத்தி பத்தியாகக் கத்தரித்து, தையல்காரர் குண்டூசியால் இடம் மாற்றிக் குத்திவைத்துத் திருத்துவது அவர் வழக்கம். எவர்ஸ் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும், கொன்றவனே பேசுவதுபோல ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். இந்த ஊர்க்காரன்தான், அவன் மனசு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் அவர் துணிவு. கதை அச்சுக்குப் போவதற்குள் பெக்வித் கைதாகிவிட்டான். புனைவில் எழுதிய விவரங்கள் நிஜத்தோடு அவ்வளவு ஒத்துப்போனதால், வழக்குக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதென்று சிலவற்றை மாற்ற வேண்டிவந்தது. 'நியூயார்க்கர்' ஜூலையிலேயே வெளியிட்டது. இரண்டு வீட்டையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஜாக்சன் பிடிபடாது.

ஜாக்சனிலிருந்து நாட்செஸுக்கு நாட்செஸ் டிரேஸ் பார்க்வே வழியாகவே போங்கள். லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, இருபுறமும் மரங்கள்தான். உள்நாட்டுப் போருக்கு முன்னால் அமெரிக்காவின் பெரும் பணக்காரர்கள் மொய்த்த ஊர்களில் நாட்செஸ் ஒன்று. பருத்திக் காடு பெரும்பாலும் ஆற்றுக்கு அக்கரையில், மாளிகை இக்கரையில். போரில் ஊர் பெரிதாக எதிர்க்காமல் சரணடைந்ததால் மாளிகைகள் தப்பின. பிறகு வறுமை வந்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாததால் இரண்டாம் முறையும் தப்பின.

இவற்றில் லாங்வுட் மட்டும் தனி ரகம். எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயக் குவிமாடம். 1860இல் கட்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டு போர் வந்ததும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்திருந்த கொத்தர்களும் தச்சர்களும் போட்டது போட்டபடி ஊருக்குப் போய்விட்டார்கள். 32 அறைக்குத் திட்டம். அடித்தளத்தில் 9 அறைதான் முடிந்தது. உரிமையாளர் ஹாலர் நட் 1864இல் இறந்தார். குடும்பம் அந்த அடித்தளத்திலேயே காலம் தள்ளியது. மேல்மாடிக்கு ஏறினால் பூசாத செங்கல், வெறும் உத்தரம், அவர்கள் விட்டுப்போன சாரம். பணக்காரத்தனத்தின் எலும்புக்கூட்டை இவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

அதே ஊரில் வில்லியம் ஜான்சனின் செங்கல் வீட்டைத் தவறவிடாதீர்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பர். முடிதிருத்தும் கடைகள் வைத்துச் சம்பாதித்தார். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார்: குதிரைப் பந்தயம், வட்டிக் கணக்கு, ஊர் அடிதடி, வெள்ளைக்கார வாடிக்கையாளர்களின் வம்பு. அவரே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதும் அதே நாட்குறிப்பில் இருக்கிறது. இந்த வீட்டில் நல்லவர் கெட்டவர் என்று சுலபமாகப் பிரித்துவிட்டு வெளியே வர முடியாது. 1851இல் நில எல்லைத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பார்த்த சாட்சிகள் கறுப்பர்கள். குற்றம் சாட்டப்பட்டவனோ நான் வெள்ளையன் என்று வாதாடினான். வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தராது. ஆள் தப்பிவிட்டான்.

பிறகு தெற்கே, நியூ ஆர்லியன்ஸ் போகும் வழியில், லூசியானாவின் ஆற்றோரச் சாலை. தென்னாட்டு மாளிகை என்றதும் எல்லோர் மனதிலும் வரும் படம் ஓக் ஆலியுடையது: இருபக்கமும் பதினான்கு பதினான்காக 28 பெரிய ஓக் மரங்கள், கடைசியில் வெள்ளைத் தூண் வீடு. படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை, எடுங்கள், தப்பில்லை. அதோடு அந்த்வான் என்ற தோட்டக்கார அடிமையைப் பற்றியும் கேளுங்கள். 1846-47 குளிர்காலத்தில் பீக்கன் என்ற கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டி, ஓடு மெல்லிதான நல்ல ரகத்தை நிலைநிறுத்தியவர் அவர். 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்த ரகம் பரிசு வாங்கியது. அமெரிக்காவில் ஒட்டுப் பீக்கன் தோப்புத் தொழிலுக்கே அதுதான் தொடக்கம். பரிசு வாங்கிய பருப்புக்கு செண்டெனியல் என்று பெயர் வைத்தார்கள். அந்த்வானுக்குக் குடும்பப் பெயர்கூட ஆவணத்தில் இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வாலஸ் என்ற ஊரில் விட்னி. இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போகச் சொல்வேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஹெய்டல் குடும்பம் முதலில் அவுரி, பிறகு கரும்பு பயிரிட்ட பண்ணை. ஒரு கட்டத்தில் இரசாயன நிறுவனம் ஒன்று ரேயான் ஆலை கட்ட வாங்கிப்போட்டு, பிறகு கைவிட்டது. 1999இல் ஜான் கம்மிங்ஸ் என்ற நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் வாங்கினார். செனகல் நாட்டு வரலாற்றாசிரியர் இப்ராகிமா செக் துணையோடு, அடிமைகளின் வாழ்வை மட்டுமே சொல்லும் அருங்காட்சியகமாக 2014 டிசம்பரில் திறந்தார்.

விட்னியில் மாளிகை கடைசியில்தான் வரும். முதலில் ஒரு பழைய மரத் தேவாலயம். உள்ளே பெஞ்சுகளிலும் தரையிலும் ஆளுயரச் சிறுவர் சிறுமியர் சிலைகள். வுட்ரோ நாஷ் செய்தவை. விடுதலை வந்தபோது குழந்தைகளாக இருந்தவர்களிடம் 1930களில் அரசு எடுத்த வாக்குமூலங்கள்தான் இந்த இடத்தின் அடிப்படை. பெயர்ச் சுவர்களைத் தாண்டினால் தேவதைகளின் வயல் என்ற சிறு முற்றம். அந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் மூன்று வயதைத் தாண்டாமல் இறந்துபோன அடிமைக் குழந்தைகள் சுமார் 2,200 பேரின் பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. பலருக்குப் பெயர்கூட இல்லை. தாயின் பெயர் மட்டும்.

வெட்டவெளியில் பெரிய இரும்புக் கொப்பரைகள் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடக்கின்றன. கரும்புச்சாறு காய்ச்சியவை. நம்மூர் வெல்ல ஆலைக் கொப்பரையைப் பார்த்தவர்களுக்கு இவை புதிதல்ல. பெரியதிலிருந்து சிறியதற்கு, அதிலிருந்து இன்னும் சிறியதற்கு என்று கொதிக்கும் பாகை நீண்ட கரண்டியால் அள்ளி ஊற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் அடுப்பு எரியும். தூக்கக் கலக்கத்தில் கை தவறினால் தோல் உரியும். பருத்திக் காட்டில் வேலை செய்தவர்கள்கூட லூசியானாவின் கரும்புக்கு விற்கப்படுவதென்றால் நடுங்கினார்கள். இதையெல்லாம் தாண்டிக் கடைசியில் பெரிய வீட்டுக்கு வந்து சேர்வோம். அதற்குள் நமக்கு நாற்காலியின் வேலைப்பாட்டை ரசிக்கும் மனநிலை இருக்காது. கம்மிங்ஸுக்கும் செக்குக்கும் வேண்டியதும் அதுதான்.

எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறதா என்றால், இல்லை. நாட்செஸில் 1932 முதல் தோட்டக் கழகப் பெண்கள் வளையப் பாவாடை உடுத்தி வீடுகளைத் திறந்துவைத்து நடத்திய திருவிழாவும், 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' படமும் சேர்ந்து ஊட்டிய கனவு லேசில் கலையாது. படத்தில் வரும் டாரா மாளிகை கலிஃபோர்னியாவில் போட்ட செட் என்றாலும், ஜார்ஜியாவுக்கு வந்து அதற்கு வழி கேட்டவர்கள் உண்டு. பண்ணை மாளிகையில் கல்யாணம் செய்துகொள்வது பெரிய வியாபாரமாக இருந்தது. 2019இல்தான் பின்டெரஸ்ட் போன்ற தளங்கள் அப்படிப்பட்ட விளம்பரங்களை நிறுத்தின. 2025 மே மாதம் லூசியானாவின் மிகப் பெரிய பண்ணை மாளிகையான நாட்டவே தீப்பிடித்து எரிந்தபோது, அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்கள் அழுதார்கள். வேறு பலர் சமூக ஊடகத்தில் கொண்டாடினார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அந்த வீட்டின் செங்கலைச் சுட்டவர்களும் அடிமைகளே. அவர்கள் கைவேலையும் சேர்ந்துதான் எரிந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2025 மார்ச் 27 அன்று, அமெரிக்க வரலாற்றை இழிவுபடுத்தும் வாசகங்கள் அரசு நினைவிடங்களில் இருக்கக் கூடாது என்ற பொருளில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். தேசியப் பூங்காத் துறையின் இடங்களில், அப்படிப்பட்ட வாசகம் இருந்தால் புகார் செய்யுங்கள் என்று கியூஆர் கோடு போட்ட பலகைகளும் வந்தன. மெல்ரோஸ், ஜான்சன் வீடு, எவர்ஸ் வீடு மூன்றுமே அந்தத் துறையின் கையில் இருப்பவை. விட்னியும் மான்ட்கமரியின் லெகசி இடங்களும் தனியார் அறக்கட்டளைகளுடையவை; இந்த ஆணை அவற்றுக்குப் பொருந்தாது.

வழியில் சேர்க்காமல் விட்டவை பல. மெம்ஃபிஸில் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுடப்பட்ட லொரெய்ன் மோட்டல், இப்போது தேசியக் குடிமை உரிமை அருங்காட்சியகம். அதே ஊரில் பாடகர் எல்விஸின் கிரேஸ்லேண்ட். அவர் வளர்ந்த ஏழ்மையைப் புரிந்துகொள்ள டூபலோவில் அவர் பிறந்த இரண்டு அறை வீட்டை முதலில் பார்ப்பது நல்லது. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் ஃபாக்னரின் ரோவன் ஓக். நாவலின் திட்டத்தைச் சுவரிலேயே எழுதிவைத்த மனுஷன், ஏசி மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாராம். இறுதிச்சடங்கு முடிந்த மறுநாளே மனைவி வாங்கி மாட்டிவிட்டார் என்று சொல்வார்கள்.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூலையில் போனால் சென்னை வெயிலே மேல் என்றாகிவிடும். பல வீடுகளுக்கு வார விடுமுறை உண்டு, சிலவற்றுக்கு முன்பதிவும் வேண்டும்; இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மான்ட்கமரி நினைவிடத்துக்குச் சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் முதல் நாளே கொஞ்சம் பேசித் தயார்படுத்துங்கள். எந்த மாளிகைக்குப் போனாலும் வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சமையலறை எங்கே இருந்தது, சமைத்தவர் பெயர் என்ன, அவர் எங்கே தூங்கினார்? நல்ல அருங்காட்சியகமாக இருந்தால் பதில் சுற்றுலாவின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பதில் வராத இடத்தில் நினைவுப் பொருள் கடையில் காசைச் செலவழிக்காமல் அடுத்த ஊருக்கு வண்டியை எடுங்கள். மான்ட்கமரியின் லெகசி இடங்கள் மூன்றுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் 5 டாலர்தான். அட்லாண்டாவிலிருந்து 85ஆம் நெடுஞ்சாலையில் தென்மேற்கே திரும்பினால் போதும்.